மேற்பார்வைச் சந்திப்பு: பிரிந்து வாழும் அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சந்திப்பு அறையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும். குறிப்பேட்டோடு அதில் உட்காருகிற ஆள் நான். அப்பாக்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், சிலர் முறைத்துக்கொண்டே கேட்பார்கள். சட்ட நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திய பிறகு அந்த அறைக்குள் நடப்பதைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும்.

மேற்பார்வைச் சந்திப்பு என்றால் சரியாக என்ன?

தன்னோடு வசிக்காத அப்பாவையோ அம்மாவையோ குழந்தை வேறொருவர் முன்னிலையில், குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்குச் சந்திப்பது. இதிலேயே படிகள் உண்டு. மிகக் கண்டிப்பான வகையில் மேற்பார்வையாளர் கண்ணில் படும் தூரத்திலும் காதில் விழும் தூரத்திலும் கடைசி வரை இருப்பார். கொஞ்சம் தளர்ந்த வகையில் ஒரே கூடத்தில் பல குடும்பங்கள் சந்திக்கும், பொறுப்பாளர்கள் பொதுவாகக் கவனித்துக்கொள்வார்கள். இன்னும் தளர்ந்தால், குழந்தையைக் கைமாற்றும்போது மட்டும் நடுவில் ஒருவர் நிற்பார். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்க்காமலே போய்விடலாம்.

நீதிமன்றம் இப்படி உத்தரவு போட்டால் என்னைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வன்முறை, குடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் ஆகியவை காரணமாக இருக்கலாம். குற்றச்சாட்டு இன்னும் விசாரணையில் இருக்கும்போது முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல், பல ஆண்டுகள் பார்க்காததால் குழந்தைக்கு உங்கள் முகமே மறந்துபோனது என்பதும் போதுமான காரணம்தான்.

ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைக்கு, தன் நலனுக்குக் கேடு வராத வரை, இருவரோடும் தொடர்ந்து நேரடி உறவு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது அது. அங்கே உரிமையைக் குழந்தையின் பேரில் எழுதியிருக்கிறார்கள். “என் உரிமை” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிற அப்பாக்களுக்கு முதல் மாதம் மிகவும் கடினமாகக் கழிவதைப் பார்த்திருக்கிறேன்.

மூலையில் உட்கார்ந்து நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?

எல்லோரும் கேட்க நினைப்பது இதைத்தான். வந்த நேரம், போன நேரம். உள்ளே நுழைந்தபோது குழந்தை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். என்ன விளையாடினீர்கள். குழந்தை அழுதால் எப்படி அடங்கியது. உங்கள் சொற்கள் சிலவற்றை அப்படியே எழுதிக்கொள்வேன். “நல்ல அப்பா”, “மோசமான அப்பா” என்று எழுதுவது என் வேலை அன்று.

பயந்துகொண்டு நடிக்காதீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே “அப்பா உன்னை எவ்வளவு நேசிக்கிறேன் தெரியுமா” என்று உரக்கச் சொல்கிற அப்பாவைக் குழந்தை இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடும். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் பிடிக்கும்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முன்கூட்டியே போய்விடுங்கள். குழந்தை கதவைத் திறந்து வரும்போது நீங்கள் தரையில் உட்கார்ந்திருப்பது நல்லது. நின்றுகொண்டிருக்கும் ஆணின் உருவம் சின்னக் குழந்தைக்கு மிகப் பெரியது. ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கையை விரித்து “வா, அப்பாகிட்ட வா” என்று கூப்பிடவும் வேண்டாம். அந்த விரித்த கை ஒரு தேர்வு. குழந்தை வராவிட்டால் நீங்களும் தோற்கிறீர்கள், குழந்தையும் தோற்கிறது.

ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருங்கள். கட்டைகளை அடுக்குங்கள், தாளில் கிறுக்குங்கள். குழந்தை வந்ததும் தலையை நிமிர்த்தி, பெயரைச் சொல்லி, “நான் இங்கே உட்கார்ந்து ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறேன்” என்பதுபோல ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் செய்ததைத் தொடருங்கள். உட்கார இடம் விட்டு வையுங்கள். பதினைந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது போலத் தோன்றும். ஓரக்கண்ணால் உங்களை அளந்து முடிக்க ஒரு குழந்தைக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒரு சிறுவன் முதல் மூன்று சந்திப்புகளிலும் மேசைக்கு அடியிலேயே இருந்தான். அவன் அப்பா மேசைக்கு வெளியே உட்கார்ந்து கார்களை ஒவ்வொன்றாக உள்ளே உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார். முதல் வாரம் ஒன்றும் திரும்பி வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு கார் வந்தது. மூன்றாவது வாரம் நான் குறிப்பேட்டில் எண்ணிக்கையை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

குழந்தை என்னைப் பார்த்ததும் அழுகிறது. என்னை வெறுக்கிறதா?

வயதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து குழந்தைகள் பழகாத முகம் பார்த்து மிரளத் தொடங்கும். ஒன்றரை வயதுக் குழந்தை உங்களைப் பார்த்து வீறிட்டால், அதற்குப் பழகிய ஆளைப் பிரிய மனமில்லை என்றுதான் பொருள். அப்படி ஒருவரை ஒட்டிக்கொள்ளத் தெரிந்த குழந்தை உங்களையும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை. “உன்னைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தேனே, மறந்துவிட்டாயா” என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் மன்றாடுவதில் பயனில்லை. மறக்கவில்லை, அதற்கு நினைவே இல்லை. அந்த நாட்கள் உங்களுடையவை மட்டுமே. புகைப்படம் இருந்தால் பிறிதொரு நாள் காட்டுங்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை அழாது. கேட்டதற்கு “தெரியாது”, “ம்” என்று சொல்லும். விளையாட்டில் உங்களை வேண்டுமென்றே தோற்கடித்துவிட்டு முகத்தைப் பார்க்கும். பொருளைத் தள்ளிவிட்டு மறுபடியும் முகத்தைப் பார்க்கும். இந்த மனிதர் கோபப்படுவாரா, எழுந்து போய்விடுவாரா என்று சோதித்துக்கொண்டிருக்கிறது. பொருளை எடுத்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

பரிசுப் பொருள் கொண்டுபோகலாமா?

சந்திப்பு நடக்கும் மையத்தின் விதியைக் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் என் கருத்து: வாரா வாரம் பெட்டி பெட்டியாக வேண்டாம். நான்காவது வாரம் குழந்தை உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் பையைப் பார்க்கும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டும் பென்சில் பெட்டியும் கொண்டுவந்து, அவற்றை அந்த அறைக்கே உரியவையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம்.

அந்த நோட்டில் ஆட ஒரு ஆட்டமும் இருக்கிறது. டொனால்டு வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளரும்கூட, பேசத் தயங்கும் பிள்ளைகளோடு இதை ஆடினார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் போடுங்கள், குழந்தை அதை ஏதாவது ஒன்றாக மாற்றட்டும். பிறகு குழந்தை கிறுக்கட்டும், நீங்கள் மாற்றுங்கள். நன்றாக வரையத் தெரியாதவருக்குத்தான் இது இன்னும் பொருந்தும். உங்கள் யானையைப் பார்த்துக் குழந்தை சிரிப்பது நல்ல தொடக்கம்.

அறைக்குள் தொலைபேசி வைத்துக்கொள்ளலாமா?

விதி அனுமதித்தாலும் வெளியே விட்டு வாருங்கள். எட்வர்டு ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்துவிட வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்குகிறது. தொலைபேசியைக் குனிந்து பார்க்கிற அப்பாவின் முகமும் அதே முகந்தான்.

தாய்க்கும் குழந்தைக்கும் இடையே எப்போதும் எல்லாம் பொருந்திப் போவதில்லை, பிசகுவதும் உடனே சரிசெய்துகொள்வதுமாகவே உறவு வளர்கிறது என்றும் அவரே காட்டினார். எனவே ஒருமுறை கவனம் சிதறியதற்காக மனம் உடைந்துபோக வேண்டாம். திரும்பிப் பார்த்து, “என்ன சொன்னாய்? இன்னொரு முறை சொல்” என்று கேட்டால் போதும்.

“நீங்கள் ஏன் எங்களை விட்டுப் போனீர்கள்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பெரும்பாலும் நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, உங்களைப் பார்க்காமல், கையில் இருக்கும் பொம்மையைப் பார்த்துக்கொண்டே கேட்கும்.

பதிலை வீட்டிலேயே தயார் செய்து வையுங்கள், கண்ணாடி முன்னால் சொல்லியும் பாருங்கள். அதில் மூன்று செய்திகள் இருந்தால் போதும். பெரியவர்களான எங்களுக்குள் சண்டை, சேர்ந்து வாழ முடியவில்லை. அது உன்னால் வந்ததல்ல. உன்னைப் பார்க்க நான் இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறேன், அடுத்த வாரமும் வருவேன். இதில் நடுவில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். தான் பிடிவாதம் பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிற பிள்ளைகள் ஏராளம். யாரிடமும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

யார் முதலில் கை ஓங்கியது, யார் வழக்குப் போட்டது என்ற விவரம் இந்த அறையில் ஒரு வரிகூட வேண்டாம். “உனக்கு வளர்ந்த பிறகு புரியும்” என்பதும் வேண்டாம். அதில் ஒரு மிரட்டல் ஒளிந்திருக்கிறது.

“எப்போது வீட்டுக்கு வருவீர்கள்?” என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். “சீக்கிரம்” என்ற சொல்லால் காயப்பட்ட குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். “அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். ஆனால் சனிக்கிழமை இங்கே இருப்பேன்” என்று சொல்லுங்கள். அழலாம். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

நான் உண்மையிலேயே தவறு செய்தவன். அதைக் குழந்தை பார்த்திருக்கிறது. இப்போது என்ன செய்வது?

இதைக் கேட்கிற அப்பாக்கள் குறைவு. கேட்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

குழந்தை பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஆக்க முயலாதீர்கள். “அப்பா விளையாட்டுக்குக் கத்தினேன்” என்றால், அதன் கண்ணையும் காதையும் நம்ப வேண்டாம் என்று கற்றுக்கொடுக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் முதலில் ஆலோசகரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு, சுருக்கமாகக் கேளுங்கள்: “நான் கத்தினேன், பொருளை எறிந்தேன். நீ பயந்துபோனாய். அது என் தவறு.” இதோடு நிறுத்துங்கள். “ஆனால்” என்று தொடங்கும் வாக்கியம் பின்னால் வரக் கூடாது. “அப்பாவை மன்னிப்பாயா?” என்றும் கேட்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? “ம்” என்றுதான் சொல்லும். அந்த “ம்”மை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தால், சுமையைக் குழந்தையின் தலைக்கு மாற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

உண்மையான வேலை அறைக்கு வெளியே நடக்கிறது. குடியை விடும் சிகிச்சை, கோபத்தைக் கையாளும் பயிற்சி, வன்முறையை ஒப்புக்கொண்டு மாற்றிக்கொள்ளும் வகுப்பு என எது தேவையோ அதற்குப் போங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில வழக்குகளில் சந்திப்பே குழந்தையை நோக வைக்கிறது. தூக்கத்தில் அலறுகிறது, படுக்கையை நனைக்கிறது, சந்திப்புக்கு முதல் நாள் சாப்பிட மறுக்கிறது. இவை தொடர்ந்தால் நானே நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுவேன். எழுதியும் இருக்கிறேன்.

குழந்தையின் அம்மா அதை எனக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார். இதை எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்வி ஒரு புதைமணல். ரிச்சர்டு கார்டனர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1980களில், குழந்தை ஒரு பெற்றோரை வெறுக்கும்படி மற்றவர் ஏவிவிடுவதற்கு “பெற்றோர் அந்நியப்படுத்தல்” (Parental Alienation) நோய்க்குறி என்றே பெயரிட்டார். உலகெங்கும் நீதிமன்றங்களில் அந்தச் சொல் உலவியது. ஆனால் மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் அது ஒரு நோயாக இடம்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பின் தேடல் சொற்களில் இருந்த அந்தச் சொல்லை 2020இல் நீக்கிவிட்டது.

அதனால் தூண்டிவிடுவது நடக்கவே நடக்காது என்று சொல்ல வரவில்லை. நடக்கிறது, கண்ணால் கண்டிருக்கிறேன். பெரியவர்களின் சொற்களை அப்படியே ஒப்பிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒரு குழந்தை அப்பாவைத் தவிர்ப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: கண்ணால் கண்ட சண்டை, மறந்துபோன முகம், யாரிடம் ஒட்டினாலும் இன்னொருவர் வருந்துவாரே என்ற கவலை. பெரும்பாலும் எல்லாம் கலந்தே இருக்கும். அந்த அறைக்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். உங்களைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறதோ, அதற்கு மாறான ஆளாக ஒவ்வொரு வாரமும் இருந்து காட்டுவது. “அம்மா அப்படிச் சொன்னாளா?” என்று துருவினால், சொன்னதைச் சரி என்று நீங்களே உறுதிப்படுத்தியதாக ஆகும்.

குழந்தையைத் தூதுவராக்கவும் வேண்டாம். “அம்மாவிடம் இதைச் சொல்லிவிடு” என்று ஆரம்பித்தால் நான் குறுக்கிடுவேன், வருத்தப்படாதீர்கள்.

குழந்தை வேறொருவரை “அப்பா” என்று அழைக்கிறது.

வலிக்கும். அந்த வலியைக் குழந்தைக்குத் தெரியாமல் நண்பரிடம் கொட்டுங்கள். “நான்தான் உன் உண்மையான அப்பா” என்று சொல்லத் தோன்றும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் வர முடியாவிட்டால்?

வாருங்கள்.

உண்மையிலேயே முடியாவிட்டால் முடிந்த அளவு முன்கூட்டிச் சொல்லுங்கள், குழந்தை வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால். செருப்புப் போட்டு, தலை வாரிக்கொண்டு வந்து, நாற்பது நிமிடம் கதவையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பிறகு அந்த அப்பா ஆறு மாதம் தவறாமல் வந்தார். ஆறு மாதமும் அந்தப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தது.

பதின்வயது மகள் வரவே மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வேறு. அதே ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையின் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணை இழுத்துவந்து உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் சுவரைப் பார்ப்பாள். என் குறிப்பேட்டில் அந்தச் சுவர் மட்டுந்தான் இருக்கும். கடிதம் எழுத அனுமதி உண்டா என்று கேளுங்கள். மாதம் ஒரு கடிதம், ஒரு பக்கம், குறை சொல்லாமல், பதில் கேட்காமல். அவளுக்குப் பிடித்த எதையாவது பற்றி நீங்கள் புதிதாகத் தெரிந்துகொண்டதை எழுதுங்கள். பதில் வராமல் இருக்கலாம். கடிதங்களைத் திறக்காமலே பெட்டியில் சேர்த்து வைத்திருந்து, பல ஆண்டு கழித்து ஒரே நாளில் படித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

வாரம் ஒரு மணி நேரத்தில் என்ன உறவு வளர்ந்துவிடப் போகிறது?

பால் அமட்டோ, ஜோன் கில்பிரெத் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிந்து வாழும் அப்பாக்களைப் பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்ற எண்ணிக்கை தனியாக அவ்வளவாகப் பயன் தரவில்லை. பராமரிப்புத் தொகையை ஒழுங்காகக் கொடுப்பது, நெருக்கமாக உணர்வது, எல்லாவற்றையும்விடப் பெற்றோராக நடந்துகொள்வது, அதாவது பாடத்தில் உதவுவது, காது கொடுத்துக் கேட்பது, எல்லை வகுப்பது: பிள்ளைகளின் படிப்பும் மனநலமும் இவற்றோடுதான் சேர்ந்து போயின.

ஆக, ஒரு மணி நேரம் முழுதும் கேளிக்கை காட்டத் தேவையில்லை. வீட்டுப்பாடம் செய்யலாம். குழந்தை பொருளை எறிந்தால், “எறியக் கூடாது” என்று சாதாரணக் குரலில் சொல்லலாம். நான் அதை எழுதிக்கொள்வேன், நல்லவிதமாகத்தான். தொகையை நிறுத்திவைத்து அம்மாவுக்குப் பாடம் புகட்டுகிறவர்கள் மட்டும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

மேற்பார்வை எப்போது நீங்கும்?

உத்தரவைப் பொறுத்தது. வழக்கமாகப் படிப்படியாகத் தளரும்: நேரம் கூடும், பிறகு அறையிலிருந்து வெளியிடத்துக்கு, பிறகு மேற்பார்வை இல்லாமல் சில மணி நேரம், கடைசியாக இரவு தங்குவது. தவறாமல் வந்தீர்களா, சொன்ன சிகிச்சையை முடித்தீர்களா, குழந்தை எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு ஒரு படி தாண்டப் போய் மறுபடியும் முதல் நாற்காலிக்கே வந்தவர்கள் உண்டு.

நேரம் முடியும்போது எப்படி விடைபெறுவது?

பத்து நிமிடத்துக்கு முன் ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்கு முன் ஒருமுறை சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி செலவழியுங்கள்: பொருள்களை எடுத்து வைப்பது, நோட்டில் இன்றைய பக்கத்தில் ஒரு சின்னப் படம் போடுவது, விளக்கை அணைக்கும் வேலையைக் குழந்தைக்குக் கொடுப்பது. கட்டிப்பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கையசையுங்கள். அழுகையை வாசலைத் தாண்டும் வரை அடக்கிக்கொள்ள முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் “உன்னைப் பார்த்ததில் சந்தோஷம், அதுதான் கண்ணீர்” என்று சொல்லுங்கள்.

குழந்தை போன பிறகு உடனே எழுந்து போக வேண்டியதில்லை. பத்து நிமிடம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருங்கள். நான் கதவைப் பூட்ட அவசரப்படுவதில்லை. பல பேர் அப்போதுதான் முதல் முறையாக என் பெயரைக் கேட்கிறார்கள்.